மரபணுவுக்குக் கணினி பெயர் வைக்கலாமா? திருகோணமலை வாசகர் கேள்விகள்

டி.என்.ஏ. வரிசைகளை ஒப்பிட்டு, மரபணுக்களின் பெயரையும் பணியையும் தானாகக் குறிக்கும் முறை பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள்.

ஐயா, கன்னியா வெந்நீர்க் கிணற்றில் எடுத்த பற்றீரியாவின் முழு வரிசை கையில் இருக்கிறது. எங்கே தொடங்குவது? (மாணவி, நிலாவெளி)

முதலில் மரபணுக்களின் தொடக்கமும் முடிவும் தெரிய வேண்டும், பிள்ளை. புரொடிகல் என்ற நிரல் அதைக் கண்டுபிடிக்கும். பிறகு ஒவ்வொன்றையும் புரத வரிசையாக மாற்றி, 1990இல் வெளிவந்த பிளாஸ்ட் போன்ற நிரலால் அறிந்த புரதங்களோடு ஒப்பிடுங்கள். புரதத்தின் அலகான ஒரே அமினோ அமிலத்தைப் பல கோடோன்கள் (டி.என்.ஏ.யின் மூன்றெழுத்துக் குறிகள்) குறிப்பதால், டி.என்.ஏ.யில் மங்கிப்போன உறவும் புரதத்தில் தெரியும். புரொக்கா என்ற நிரல் இவை அனைத்தையும் ஒரே ஓட்டத்தில் செய்துவிடும்.

பிளாஸ்ட் காட்டும் ஈ-மதிப்பு மிகக் குறைவாக இருந்தால் பெயரை அப்படியே ஏற்கலாமா? (மாணவன், மூதூர்)

கூடாது, தம்பி. அந்த அளவு தரவுத்தளத்தில் இவ்வளவு நல்ல பொருத்தம் தற்செயலாக எத்தனை முறை வரக்கூடும் என்பதுதான் ஈ-மதிப்பு. உறவு உண்டு என்று அது சொல்லும். வேலை ஒன்றே என்று சொல்லாது. வாத்தின் கண்வில்லையில் உள்ள எப்சிலன் கிரிஸ்டலினும் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியமும் ஒரே புரதம். கண்ணில் அது ஒளி புகும் வில்லையாக அமைகிறது, மற்ற இடங்களில் வேதிவினை நடத்துகிறது. வரிசையை மட்டும் பார்த்தால் இது எப்படித் தெரியும்?

பொருத்தத்தின் நீளத்தையும் பாருங்கள். 600 அமினோ அமிலங்களில் 60 மட்டும் பொருந்தினால், ஒரு துண்டுதான் உறவு. முழுப் புரதத்துக்கும் அந்தப் பெயரைச் சூட்டுவது தவறு.

தரவுத்தளத்திலுள்ள பெயரே பிழையாக இருந்தால்? (உயிரியல் ஆசிரியர், உப்புவெளி)

என்னை அதிகம் வருத்துவது இதுதான். ஒருவர் ஆய்வுகூடச் சோதனையின்றி ஒரு பெயரைப் பதிகிறார். அடுத்தவரின் நிரல் அதைப் பிரதி எடுக்கிறது. மூன்றாமவர் இரண்டு பதிவுகளைக் கண்டு, இரண்டு சான்றுகள் என்று நம்புகிறார். உண்மையில் சான்று ஒன்றுகூட இல்லை! முதற்பதிவு திருத்தப்பட்டாலும் பிரதிகள் தாமாகத் திருந்துவதில்லை.

ஆகவே, மனிதர் வாசித்துச் சரிபார்த்த புரதத் தரவுத்தளமான சுவிஸ்-புரொட்டில் முதலில் தேடுங்கள். ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள் உள்ள அதைச் சாதாரண மடிக்கணினியிலேயே வைத்திருக்கலாம். உங்கள் பட்டியலில் எந்தப் பதிவிலிருந்து பெயர் வந்தது, எத்தனை வீதம் ஒற்றுமை, எந்தத் திகதியில் தேடியது என்பதையும் மாணவர்களை எழுதச் சொல்லுங்கள். அந்த மூன்றும் இல்லாத பட்டியலை நான் நம்புவதில்லை.

பல இடங்களில் 'அனுமானப் புரதம்' (பணி தெரியாத புரதம்) என்றே வருகிறது. வேலை வீணா? (நிலாவெளி மாணவி மீண்டும்)

இல்லை. பொய்ப் பெயரைவிட அது நேர்மையானது. அவற்றை மட்டும் ஹம்மர் நிரலால் பிஃபாம் என்ற தரவுத்தளத்தின் புரதக் குடும்பங்களோடு ஒப்பிடுங்கள். தூரத்து உறவுகள் சில அகப்படும்.

கொட்டியாரக்குடா மீன் ஒன்றின் மரபணுத் தொகுதிக்கும் புரொக்கா போதுமா? (கிண்ணியா வாசகர்)

போதாது. அது பற்றீரியா, ஆர்க்கியா, வைரஸ் ஆகியவற்றுக்கானது. மீனின் மரபணுக்களை இன்ட்ரான்கள் (புரதத்துக்குக் குறி தராத இடைப்பகுதிகள்) துண்டு துண்டாகப் பிரிப்பதால் பிரேக்கர் போன்ற நிரல் வேண்டும். ஆர்.என்.ஏ. தரவும் சேர்த்துக் கொடுத்தால் எல்லைகள் இன்னும் சரியாக அமையும்.