‘மினரல்’ என்று கேட்டால் எது வருகிறது?

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கிறோம். மாமாக் கடையில் ‘மினரல்’ கேட்டால் கைக்கு வந்த போத்தலைத் தருகிறார்கள். சூப்பர்மார்க்கெட்டிலோ ஒன்றின் விலை இன்னொன்றைப்போல் இரண்டு மடங்கு. பிரான்ஸ் தண்ணீரைத் தொடவே முடியவில்லை. இதற்கிடையில், வடிகட்டி விற்க வந்தவர் ஒரு கருவியைப் போத்தலில் விட்டு, “140 காட்டுது, அழுக்கு” என்கிறார். எதை நம்பி வாங்குவது?

பதில்: போத்தலில் வரும் தண்ணீர் எல்லாம் நமக்கு மினரல்தான். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை அம்மா. ஆனால் மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் மினரல் நீர், சாதாரணக் குடிநீர் இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கின்றன. லேபலில் ‘ஆயர் மினரல் செமுலா ஜாடி’ (இயற்கை மினரல் நீர்) என்றிருந்தால் அது நிலத்தடி ஊற்று நீர்; இயற்கையாகக் கரைந்த கனிமங்களோடு அடைத்தது. ‘ஆயர் மினுமான்’ (குடிநீர்) என்றிருந்தால் அது குழாய் நீராகக்கூட இருக்கலாம். பெரும்பாலும் ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ் முறையில், அதாவது மிக நுண்ணிய சவ்வின் வழியே அழுத்தி வடிகட்டுவதால் அதில் கனிமம் கிட்டத்தட்ட மிஞ்சாது. நிற மூடி மினரல், வெள்ளை மூடி குடிநீர் என்ற பழைய கணக்கை விட்டுவிட்டு எழுத்தைப் படியுங்கள்.

குழாய் நீர் என்றதும் முகம் சுளிக்கவும் வேண்டாம். 2004இல் பிரிட்டனில் கொக்கா-கோலாவின் டசானி தண்ணீர்ப் போத்தல்களைத் திரும்பப் பெற்றார்களே, அது லண்டன் குழாய் நீரில் தயாரித்ததுதான். ஆனால் கோளாறு குழாயில் இல்லை. சுத்திகரித்த நீரில் கால்சியம் சேர்த்து ஓசோன் செலுத்தியபோது புரோமேட் என்ற வேண்டாத வேதிப்பொருள் உண்டாகி, லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டிவிட்டது. நல்ல தண்ணீரை மேலும் நல்லதாக்கப் போய் வந்த வினை!

கனிமம் எல்லாம் நீர் ஊறி வரும் பாறையைப் பொறுத்தது. கருங்கல் மலையடியில் ஊறும் நீரில் கால்சியம் குறைவு, மென்மையாக இருக்கும். நம்மூர் ஸ்பிரிட்சர் நிறுவனம் தன் தைப்பிங் நீருக்குச் சொல்லும் பெருமை அதிலுள்ள சிலிக்கா என்ற கனிமம்தான். நீங்கள் சொல்லும் பிரான்ஸ் தண்ணீர் வகையில், ஆல்ப்ஸ் மலையிலிருந்து வரும் எவியானில் லிட்டருக்குச் சுமார் 80 மில்லிகிராம் கால்சியம்; கெத்தலில் காய்ச்சினால் வெள்ளையாகப் படியும். அதற்காக அந்தக் காசைக் கொடுப்பதா? ஒன்றரை லிட்டர் குடித்தாலும் 120 மில்லிகிராம்தான். 100 கிராம் கேழ்வரகு மாவில் 300க்கு மேல் இருக்கிறது. சுவை பிடித்திருந்தால் வாங்குங்கள், சத்துக்காக வாங்காதீர்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் லேபலில் சோடியம் எவ்வளவு என்று மட்டும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். நான் வீட்டில் குடிப்பது காய்ச்சி ஆறவைத்த குழாய்த் தண்ணீர்தான்; வெளியூர்ப் பயணத்துக்கு விலை குறைந்த ஆயர் மினுமான்.

சரி, வடிகட்டி விற்பவரின் அந்தக் கருவிக்கு வருவோம். அது நீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று அளந்து, கரைந்த உப்புகளின் அளவை ஊகித்துச் சொல்கிறது, அவ்வளவுதான். உங்கள் மினரலில் 140 காட்டினால் கால்சியம், மக்னீசியம் போன்ற கனிமங்கள் கரைந்திருக்கின்றன என்றுதான் பொருள், அழுக்கு என்றல்ல. எவியானில் விட்டால் 300ஐத் தாண்டும். கிருமி, பூச்சிமருந்து எதையும் அது காணாது. சிலிக்காகூட பெரும்பாலும் அதன் கண்ணில் படாது.

அடுத்த தடவை அவர் இரண்டு கம்பிகளை நீரில் விட்டு, பழுப்பாக மாறுவதைக் காட்டினாலும் பயப்படாதீர்கள். மின்சாரம் ஓடும்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாகிறது. அந்தத் துருதான் நிறம். அவருடைய வடிகட்டிய நீரில் உப்பு இல்லாததால் மின்சாரம் ஓடவில்லை, அதனால் தெளிவாக நிற்கிறது. சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்து அவருடைய கிளாசில் போட்டு, “இப்போ செய்து காட்டுங்க” என்று சொல்லிப் பாருங்கள்.