சூப்பருக்கு அடுத்த சொல்

அன்புள்ள அக்கா,

நான் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். முறையாகச் சங்கீதம் கற்றவன் இல்லை. கல்லூரி நாட்களில் கிடார் பழகினேன், அப்புறம் மெட்டுக் கட்டும் ஆசை வந்தது. எங்கள் குழுவில் ஐந்து பேர். நான்கு ஆண்டுகளாக ஞாயிறு மாலைகளில் ஒரு நண்பர் வீட்டில் கூடி, அவரவர் எழுதிய பாட்டைப் பாடிக் காட்டுகிறோம். மேடை ஏறும் எண்ணம் யாருக்கும் இல்லை.

எந்தப் பாட்டைப் பாடினாலும் கிடைக்கும் பதில் ‘சூப்பர்’தான். எனக்கு அது அலுத்துவிட்டது. இரண்டு மாதம் முன்பு எங்களில் மூத்தவர், இறந்துபோன தன் அப்பாவைப் பற்றி ஒரு பாட்டு எழுதி வந்தார். பாடி முடித்ததும் வழக்கம்போல எல்லோரும் சூப்பர் என்றார்கள். நான் மட்டும், “பல்லவியும் சரணமும் ஒரே மாதிரிப் போகிறது, மூன்றாவது சரணம் தேவையில்லை, நீளம்” என்றேன். எனக்கு உண்மையிலேயே அப்படித்தான் பட்டது. அவர் சிரித்துக்கொண்டே “சரி, பார்க்கலாம்” என்றார். அதற்குப் பிறகும் வாரம் தவறாமல் வருகிறார், எல்லோருக்கும் கீபோர்டு வாசிக்கிறார், ஆனால் தன் பாட்டு என்று ஒன்றும் கொண்டுவருவதில்லை. மற்றவர்கள் என்மேல் கோபமாக இருக்கிறார்கள்.

நான் சொன்னது தவறா? பாராட்டு மட்டுமே கிடைக்கும் கூட்டத்தில் இருந்து யாராவது வளர முடியுமா? இன்னொரு சின்னக் கேள்வி. எங்களில் ஒருவர் வேலை மாற்றலாகி வெளியூர் போய்விட்டார். வீடியோ அழைப்பில் சேர்ந்து பாடிப் பார்த்தோம், தாளம் சேரவே இல்லை. ஏன்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொன்னது அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். அந்தப் பாட்டை நான் கேட்கவில்லை. ஆனால் மனதுக்கு மிக நெருங்கிய ஒருவரைப் பற்றி எழுதும்போது எல்லோருக்குமே ஒரு சரணம் கூடிப்போகிறது. முடிக்க மனம் வராது. முடித்துவிட்டால் அந்த மனிதரை இன்னொரு தடவை வழியனுப்பியதுபோல ஆகிவிடும். அந்த மூன்றாவது சரணம் பாட்டுக்குத் தேவையில்லாமல் இருந்திருக்கலாம், அவருக்குத் தேவைப்பட்டிருக்கும்.

கதை எழுதுகிறவளாக எனக்கு ஒரு சௌகரியம் உண்டு. என் கதையை நீங்கள் படித்து உதட்டைப் பிதுக்கும்போது நான் வேறெங்கோ இருக்கிறேன். பாட்டுக்காரருக்கு அது கிடையாது. கடைசி வரியின் மூச்சு இன்னும் அடங்காத நிலையில், தன் தொண்டையோடு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். அப்போது ‘மெட்டு’ என்று நீங்கள் சொன்னால் அவர் காதில் ‘குரல்’ என்றும், ‘நீளம்’ என்று சொன்னால் ‘அப்பாவைப் பற்றிப் போதும்’ என்றும்தான் விழும். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை, தெரியும். ஒரு ஞாயிறு தள்ளிச் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

இப்போது சூப்பர். நான் அந்தச் சொல்லின் பக்கம் கொஞ்சம் நிற்கப்போகிறேன். அதை ஒரு ரசீதாக எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு வந்து சேர்ந்தது, பெற்றுக்கொண்டோம் என்று அர்த்தம். முதல் பத்துப் பாட்டு வரைக்கும் ஒருவருக்கு ரசீது மட்டுமே போதும். தன் குரலை முதன்முதலாகப் பதிவில் கேட்டு “இதுவா நான்?” என்று கூசாதவர் யார்? பேசும்போது நம் குரல் எலும்பு வழியாகவும் உள்காதுக்கு வருகிறது, அதனால் நமக்கு அது கனமாகக் கேட்கிறது. பதிவில் அந்தக் கனம் போய்விடும். மெலிந்து, அந்நியமாக ஒலிக்கும். அந்தக் கூச்சத்தைத் தாண்டி ஒருவர் நாலு பேர் முன்னால் வாய் திறக்கிறார் என்றால், நாலு சூப்பர் அதிகமில்லை.

ஆனால் உங்கள் குழுவுக்கு வயது நான்கு. இந்த வயதில் ரசீது அலுக்கத்தான் செய்யும். அதற்கு அடுத்த படி விமர்சனம் என்று நினைத்தீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. சூப்பரும் சரி, ‘மூன்றாவது சரணம் தேவையில்லை’யும் சரி, இரண்டையும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம். சொல்கிறவருக்கு எந்தச் செலவும் இல்லை.

என் கதை ஒன்று. இருபதுகளில் நானும் பாட்டு எழுதினேன் (சிரிக்க வேண்டாம்). மூன்று பெண்கள், ஒரு பழைய கீபோர்டு, அதிலும் இரண்டு கட்டைகள் ஊமை. ஒரு நாள் நான் பாடிக் காட்டிய பாட்டுக்குத் தோழி ஒருத்தி எதுவுமே சொல்லவில்லை. சூப்பர்கூட இல்லை. வீட்டுக்கு வந்து நோட்டை மூடி வைத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து, கீபோர்டின் கம்பிகளைப் பிரித்து எதையோ சரிசெய்துகொண்டிருந்தவள் தன்னை மறந்து என் சரணத்தை முணுமுணுத்தாள். அதுவும் தப்பாக. நான் எழுதியது “திறந்து வைத்தேன் கதவை நான்”. அவள் பாடியது “திறந்தே கிடக்குது கதவு”. திருத்தப் போனவள் நிறுத்திக்கொண்டேன். அவள் வரிதான் நல்ல வரி. என் வரியில் நான் முன்னால் நின்று கதவை மறைத்துக்கொண்டிருந்தேன். அவள் பாடியதில் கதவு மட்டும் இருந்தது, அது எத்தனை நாளாகத் திறந்து கிடக்கிறதோ என்று கேட்கிறவருக்குத் தோன்றும்.

அவளுக்குத் தான் திருத்தியது தெரியாது. பாட்டை இரண்டு வாரம் வாயில் வைத்திருந்தாள், அவள் வாய்க்கு வராத சொல் தானாக உதிர்ந்துவிட்டது. என் பாட்டு பற்றி எனக்குக் கிடைத்த ஆகச்சிறந்த விமர்சனமும் பாராட்டும் அதுதான். இரண்டும் ஒன்றாகவே வந்தன.

பொழுதுபோக்காக இசை செய்தவர்களின் குழுக்களில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது ரஷ்யாவில் 1860களில் கூடிய ஐவரை. உங்களைப் போலவே ஐந்து பேர், உங்களைப் போலவே வேறு வேலை பார்த்தவர்கள். போரொதின் வேதியியல் பேராசிரியர். க்யூய் ராணுவப் பொறியாளர், கோட்டை அரண்கள் அவர் துறை. ரிம்ஸ்கி-கோர்சகோவ் கடற்படை அதிகாரி. முசோர்க்ஸ்கி ராணுவத்தை விட்டுவிட்டு அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்தவர். பலாகிரெவ் ஒருவர்தான் இசையையே தொழிலாகக் கொண்டவர், அவரும் பெரும்பாலும் தானே கற்றுக்கொண்டவர்.

பலாகிரெவ்தான் தலைவர். பதினெட்டு வயதுகூட ஆகாத ரிம்ஸ்கி-கோர்சகோவிடம் “நீ ஒரு சிம்பனி எழுது” என்று சொல்லி எழுத வைத்தவர். அந்தப் பையன் கப்பலில் போய் வந்து அதை முடித்தபோது, 1865இல் மேடையில் நடத்திக் காட்டியவரும் அவரே. அதைவிட என்ன ஊக்கம் வேண்டும்? ஆனால் அவருக்கு இன்னொரு முகம் இருந்தது. முசோர்க்ஸ்கி 1867இல் ‘மொட்டை மலையில் ஓர் இரவு’ என்று இன்று உலகம் அறிந்த படைப்பை முடித்துக் கொண்டுவந்தபோது பலாகிரெவுக்குப் பிடிக்கவில்லை. குறைகளை அடுக்கினார், மேடையேற்றவில்லை. முசோர்க்ஸ்கி 1881இல் இறந்தார், அதுவரை ஒரு வாத்தியக் குழு அதை வாசித்து அவர் கேட்கவே இல்லை. பலாகிரெவின் காது மோசமான காது அல்ல. அவர் சொன்ன குறைகளில் சில நியாயமாகக்கூட இருந்திருக்கலாம். அதனால் என்ன?

அந்தக் குழுவில் எனக்குப் பிடித்த காட்சிகள் இரண்டு. ஒன்று, 1871 வாக்கில் முசோர்க்ஸ்கியும் ரிம்ஸ்கி-கோர்சகோவும் ஒரே அறையில் குடியிருந்தார்கள். இருந்தது ஒரே பியானோ. காலையில் முசோர்க்ஸ்கிக்கு. அந்நேரம் மற்றவர் பிரதி எடுப்பது, வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதுவது என்று சத்தமில்லாத வேலைகளைப் பார்ப்பார். மதியம் முசோர்க்ஸ்கி அலுவலகம் போனதும் பியானோ இவருக்கு. இருவரும் ஆளுக்கொரு ஆபரா, அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகம், எழுதிக்கொண்டிருந்தார்கள். தினமும் காலையில் நண்பன் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்து எழுவதைக் கேட்டுக்கொண்டே தன் வேலையைச் செய்கிறவனிடம் விமர்சனம் பற்றி நாம் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்?

இரண்டாவது, 1879. போரொதினின் ‘இளவரசர் இகோர்’ ஆபராவிலிருந்து நடனப் பகுதி ஒரு கச்சேரிக்கு அறிவிக்கப்பட்டிருந்தது, மனிதர் முடிக்கவில்லை. ஆய்வுக்கூடம், மாணவர்கள், வீடு நிறைய விருந்தாளிகள் என்று அவருக்கு எப்போதும் நேரம் கிடையாது. கடைசியில் ரிம்ஸ்கி-கோர்சகோவும் இளம் இசையமைப்பாளரான லியாதவும் அவர் வீட்டுக்கே போய், மூவருமாகப் பக்கங்களைப் பங்கு போட்டு வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதினார்கள். நேரம் போதாதென்று மை தொடாமல் பென்சிலில். பென்சில் அழியாமல் இருக்கப் போரொதின் தாள்கள்மேல் ஜெலட்டின் கரைசலைப் பூசி, துணி காயப்போடுவதுபோல அறையில் கொடி கட்டித் தொங்கவிட்டார். வேதியியல்காரர் அல்லவா! 1887இல் அவர் திடீரென இறந்தபோதும் ஆபரா முடிந்திருக்கவில்லை. ரிம்ஸ்கி-கோர்சகோவும் இன்னோர் இளம் இசையமைப்பாளரான கிளாசுனவும் சேர்ந்து முடித்து, 1890இல் அது மேடையேறியது.

கொடியில் தொங்கிய அந்தத் தாள்களைத்தான் நான் ஊக்கம் என்பேன். ஒருவர் பாட்டுக்குள் இன்னொருவர் கை வைத்து வேலை செய்வது. இதிலும் எல்லை மீறல் உண்டு. அதே ரிம்ஸ்கி-கோர்சகோவ் முசோர்க்ஸ்கியின் மறைவுக்குப் பின் அவர் படைப்புகளைச் செப்பனிட்டு வெளியிட்டார், கரடுமுரடாகத் தோன்றிய இடங்களையெல்லாம் இழைத்துவிட்டார். ‘மொட்டை மலை’யும் 1886இல் அவர் கைபட்ட வடிவில்தான் முதலில் மேடைக்கு வந்தது. அவர் செய்திருக்காவிட்டால் அந்த இசை அலமாரியிலேயே கிடந்திருக்கும் என்பது உண்மை. அந்தக் கரடுமுரடுதான் முசோர்க்ஸ்கி என்று பிற்காலத்தில் பலர் மூல வடிவங்களைத் தேடிப் போனதும் உண்மை. நண்பரின் பாட்டைத் தொடும்போது அது அவர் பாட்டு என்பது நினைவிருக்க வேண்டும்.

சரி, உங்கள் நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். “அன்று சொன்னதை மறந்துவிடுங்கள், பாட்டு அருமை” என்று போய் நிற்காதீர்கள். அவர் நம்பமாட்டார், உங்கள் அடுத்த சொல்லையும் நம்பமாட்டார். “ஏன் பாட்டு எழுதுவதில்லை?” என்றும் கேட்க வேண்டாம். எழுதுகிறவரிடம் அது கடன்காரன் கேள்வி. அந்தப் பாட்டை எனக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேளுங்கள். வரி வரியாக எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கிடாரில் அதற்கான சுரக்கூட்டுகளை (chords) தேடுங்கள். வீட்டில் ஒரு வாரம் பாடுங்கள். பல்லவியும் சரணமும் ஒரே மாதிரி இருக்கிறது என்பது பாடிப் பார்க்கும்போது வேறாகத் தெரியலாம். சில பாட்டுகள் வேண்டுமென்றே ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும், இழவு கண்ட மனம் அப்படித்தானே சுற்றும்? அல்லது, சரணத்தின் எடுப்பைக் கொஞ்சம் மேலே வைத்தால் போதும் என்று உங்கள் தொண்டையே சொல்லும். அதை அவர்முன் பாடிக் காட்டலாம். விளக்க வேண்டியிராது.

குழுவுக்கும் இதையே ஒரு வழக்கமாக்கிப் பார்க்கலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு யாரும் தன் பாட்டைப் பாடக்கூடாது, இன்னொருவர் பாட்டைத்தான் பாட வேண்டும். உங்கள் பாட்டு வேறொருவர் வாயில் எங்கே திக்குகிறது என்று அன்று தெரிந்துவிடும். கூடவே இன்னொன்று. 2004இல் தொடங்கி, பிப்ரவரி மாதத்தின் 28 நாளில் 14 பாட்டு எழுதுவது என்று ஒரு சவாலை உலகெங்கும் பொழுதுபோக்குப் பாட்டுக்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு நாளைக்கு ஒரு பாட்டு. அந்த வேகத்தில் நல்ல பாட்டு மட்டும் எழுத யாராலும் முடியாது, அதனால் யாரும் யாரையும் பெரிதாக எடைபோடுவதில்லை. மோசமான பாட்டுக்கும் இடம் இருக்கிறது என்று தெரிந்தால் மூத்தவரின் கை தானாக நோட்டுப் பக்கம் போகலாம்.

வீடியோ அழைப்புக் கேள்வி. தவறு உங்கள் தாள ஞானத்தில் இல்லை. காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது, அதாவது பத்து மீட்டர் தள்ளி நிற்பவர் தட்டும் தாளம் உங்களிடம் வர ஒரு நொடியில் நூறில் மூன்று பங்கு ஆகும். அதைத் தாண்டினாலே சேர்ந்து வாசிப்பது சிரமம். சாதாரண வீடியோ அழைப்பில் தாமதம் அதைப்போலப் பல மடங்கு. நீங்கள் அவருக்காகக் காத்திருப்பீர்கள், அவர் உங்களுக்காகக் காத்திருப்பார், பாட்டு நடை தளர்ந்து படுத்துவிடும். ஒருவர் மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் கருவி) காதில் கேட்டபடி கிடாரை மட்டும் பதிவுசெய்து அனுப்பட்டும், மற்றவர் அதன்மேல் பாடித் திருப்பி அனுப்பட்டும். கூடியிருப்பதன் சுகம் இதில் வராது. ஆனால் நண்பரின் வாசிப்பை இருபது தடவை தனியாகக் கேட்க வேண்டிவரும், அது உங்களுக்கு நல்லதுதான்.

ஒன்று விட்டுப்போனது. பல்லவி, சரணம், நீளம் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அவர் அப்பாவைப் பற்றி என்ன பாடினார் என்று ஒரு வரிகூட உங்கள் கடிதத்தில் இல்லை. அந்த ஞாயிறு நீங்கள் கேட்டது மெட்டை மட்டும்தானோ என்று எனக்குச் சந்தேகம். வரிகளை எழுதிக்கொள்ளப் போகும்போது, மூன்றாவது சரணத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

அன்புடன்,
கே.