தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும் வேலை

தம்பி, ரொறன்ரோவில் கல்லூரிப் படிப்பை முடித்து ஒன்பது மாதமாகக் கணினிப் பயனர்களுக்குத் தொலைபேசியில் உதவும் ஹெல்ப் டெஸ்க்கில் இருப்பதாகவும், நாள் முழுவதும் கடவுச்சொல் மாற்றிக் கொடுத்தே வெறுத்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். வேலையை விட்டுவிட்டு, உற்சாகமான துறை என்று எல்லோரும் சொல்லும் சைபர் பாதுகாப்பில் ஆறு மாதப் படிப்புக்குச் சேரலாமா என்பது உங்கள் கேள்வி. நிலவறை வாடகை, குளிர் ஜாக்கெட் பற்றியெல்லாம் ஸ்காபரோவில் உங்கள் அயலவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். வேலையை விடுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அந்தப் பிழையை 2001இல் நானே செய்தேன்.

முதலில் உங்கள் வதிவிடக் கணக்கு. படிப்புக்குப் பின் கிடைக்கும் வேலை அனுமதியில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். நிரந்தர வதிவிடத்துக்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையின் கனடிய அனுபவப் பிரிவில் விண்ணப்பிக்க ஓராண்டு, அதாவது 1,560 மணி நேரம், திறன்சார் வேலை செய்திருக்க வேண்டும். கணினிப் பயனர் உதவி வேலை கனடாவின் தொழில் வகைப்பாட்டில் 22221 என்ற எண்ணில் வருகிறது. அது திறன்சார் வேலையாகவே ஏற்கப்படுகிறது. நீங்கள் வெறுக்கும் ஒவ்வொரு மணியும் அந்தக் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது. முழுநேர மாணவராக இருந்துகொண்டு செய்யும் வேலையோ அதில் சேராது. மீதமிருக்கும் மூன்று மாதத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடியுங்கள்.

அந்த ஆண்டு ஹெல்ப் டெஸ்க் வேலையை விட்டுவிட்டு நான் சேர்ந்தது கணினி வலையமைப்புப் படிப்பு. ஊரவர் ஒருவர் வீட்டுக்கே வந்து, தன் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிச் சேர்த்துவிட்டார். சீட்டை இடையில் எடுத்துப் பணம் கட்டினேன். படிப்பு முடிந்தபோது கையில் ஒரு சான்றிதழ் இருந்தது. போன நேர்முகத் தேர்வுகளில் எல்லாம் அனுபவம் எங்கே என்று கேட்டார்கள். பதினொரு மாதம் ஒரு பேக்கரியில் இரவு வேலை செய்து, சூட்டுத் தட்டுகள் முன்கையில் வைத்த தழும்புகளோடு, முன்பைவிடக் குறைந்த சம்பளத்துக்கு மறுபடி ஹெல்ப் டெஸ்க்குக்கே வந்தேன். அந்த ஊரவருக்கு ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கிடைத்தது பின்னர்தான் தெரிந்தது. நம்மவர் என்ற சொல்லை வைத்து வியாபாரம் செய்பவர்கள்மீது எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. செக்யூரிட்டி பிளஸ் போன்ற கணினிப் பாதுகாப்புச் சான்றிதழ்த் தேர்வுகளுக்கு இரவில் வீட்டிலிருந்து படித்தே தோற்றலாம். அதற்காக வேலையை விடச் சொல்பவரை நம்பாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் பலருக்குத் தொழில் என்றால் கணினி, கணக்கு, வீட்டு விற்பனை ஆகிய மூன்றுதான். நான் நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறேன் என்றால் கல்யாண வீடுகளில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் உண்டு. இந்த மாகாணத்தில் அந்த வேலை எவ்வளவு பாரதூரமானது என்று அவர்களுக்குத் தெரியாது. 2000 மே மாதத்தில் ஒன்ராறியோவின் வோக்கர்டன் என்ற சிற்றூரில் பெருமழைக்குப் பின் மாட்டெருவின் கிருமிகள் ஊர்க் கிணற்றில் கலந்தன. போதிய குளோரின் இடப்படவில்லை. பதிவேட்டில் பொய் எண்கள் எழுதப்பட்டிருந்தன. ஏழு பேர் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் நோயுற்றார்கள். நீதி விசாரணைக்குப் பின் 2002இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டமும், 2004இல் குடிநீர் நிலையங்களை இயக்கும் ஒப்பரேட்டர்களுக்கான சான்றிதழ் விதிகளும் வந்தன. பயிற்சி நிலைத் தேர்வு எழுதி, அடிப்படைப் பயிற்சியையும் முடித்து, நிலையத்தில் அனுபவம் பெற்றபின் முதலாம் வகுப்பு உரிமத்துக்குப் போகலாம். அதிலிருந்து நான்காம் வகுப்பு வரை ஏறலாம். நான் மூன்றாம் வகுப்பில் இருக்கிறேன். பம்புகளையும் வால்வுகளையும் கண்காணிக்கும் ஸ்காடா கணினிகளும் என் பொறுப்பில் உள்ளன.

இந்தக் கதவு எனக்கு ஹெல்ப் டெஸ்க்கிலிருந்துதான் திறந்தது. 2003 ஆகஸ்ட் 14 மாலை நான்கு மணி கடந்து ஒன்ராறியோவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் பெரும் பரப்பில் மின்சாரம் நின்றபோது எங்கள் தொலைபேசிகள் எல்லாம் ஓய்ந்துவிட்டன. நடந்தே வீட்டுக்குப் போனேன். பக்கத்து அடுக்குமாடியில் மேலே தண்ணீர் ஏற்றும் பம்பு நின்றுவிட்டதால், பதினான்காம் மாடியிலிருந்து ஓர் அக்கா இரண்டு வாளிகளோடு இருட்டுப் படிகளில் இறங்கி, நான் குடியிருந்த நிலவறைக்கு வந்தார். எங்கள் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதை யார் அனுப்புகிறார்கள் என்று வந்து நான்கு ஆண்டுகளில் அன்றுதான் முதன்முதலாக யோசித்தேன்.

எங்கள் நிறுவனம் ஒரு நீர்நிலையத்தின் கணினிகளையும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே இரவுக் கடமையில் இருந்த வயதான ஒப்பரேட்டர் ஒருவர், திரை உறைந்துவிட்டது என்று அவ்வப்போது அழைப்பார். அழைப்பை ஏழு நிமிடத்தில் முடிக்கவேண்டும் என்பது எங்களுக்கு விதி. அவரோ, நீ ஆறுதலாகச் செய், அதுவரை நான் கலங்கல் அளவைக் கையால் அளந்து எழுதிக்கொள்கிறேன் என்பார். ஒருநாள் அவரிடம் அந்த வேலையைப் பற்றிக் கேட்டேன். வந்து பார் என்றார். உங்களை அழைப்பவர்களிலும் அப்படி எத்தனையோ பேர் இருப்பார்கள்: மருத்துவமனை ஆய்வுகூடத்தில் ஒருவர், ரயில் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர். அவர்கள் சிக்கலை உள்ளிருந்து கண்ட உங்களுக்கு, வெளியிலிருந்து விண்ணப்பிப்பவரைவிட அந்த வேலை தெரியும். பதறாமல் கேட்பது, படிப்படியாகச் சோதிப்பது, செய்ததைச் செய்த நேரத்தோடு எழுதிவைப்பது ஆகியவற்றையெல்லாம் ஹெல்ப் டெஸ்க்தான் எனக்குக் கற்றுத் தந்தது. நீர்நிலையப் பதிவேட்டுக்கு வேண்டியதும் அதுவே.

2004 ஐப்பசியில் ஒரு விடுமுறை நாளில் போனேன். வடிகட்டித் தொட்டி ஒன்றைப் பின்னோக்கிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மணற்படுகைக்குக் கீழிருந்து நீர் குமுறி மேலெழ, தேநீர் நிறத்தில் அழுக்கு பொங்கி வழிந்து, சில நிமிடங்களில் தெளிந்து, அடியில் மணல் தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கிணறு இறைக்கும் நாளில் அப்பா உள்ளே இறங்கிச் சேறு அள்ளிக் கொடுப்பார். கடைசி வாளி வெளியேறியபின் கல்லிடுக்கில் கசியும் ஊற்று முதலில் கலங்கலாகவும் பிறகு பளிங்குபோலவும் வரும். நாங்கள் கிணற்றுக் கட்டின்மேல் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்தத் தொட்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியேதான் நின்றேன். அடுத்த திங்கட்கிழமை மதிய இடைவேளையில் பயிற்சி நிலைத் தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டு, மறுபடி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன்.