தோட்டக் கேள்வி பதில்: சில்லுக்கு ஒரு வண்டி, கட்டைக்கு ஒரு வண்டி

கேள்வி: எங்கள் புளோக் சமூகத் தோட்டத்தில் மூடாக்குப் போட மரச்சில்லு வந்து இறங்கியிருக்கிறது. கட்டட வேலைக்கான இரும்புத் தள்ளுவண்டிதான் கைவசம் உள்ளது. எத்தனை நடை போனாலும் குவியல் குறையவில்லை, வழியெல்லாம் சிந்துகிறது. புதிதாக வாங்குவதென்றால் இரும்புத் தொட்டியா, பிளாஸ்டிக் தொட்டியா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: மணலும் சிமெண்டுக் கலவையும் சுமக்கச் செய்த வண்டி அது. மணல் 1 கன மீட்டர் ஏறத்தாழ 1,600 கிலோ கனக்கும். அதனால்தான் அதன் தொட்டி ஆழமில்லாமல் 65 லிட்டர் அளவில் இருக்கிறது. அதற்கு மேல் கொட்டினால் ஆளால் தூக்க முடியாது. புதிதாக அரைத்த மரச்சில்லோ 1 கன மீட்டருக்கு 250 முதல் 400 கிலோதான். ஒவ்வொரு நடையிலும் நீங்கள் கொண்டுபோவது 20 கிலோ சொச்சம்.

பாத்தியிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். 10 சதுர மீட்டர் இடத்தில் 7.5 செ.மீ. கனத்துக்குப் பரப்ப 750 லிட்டர் சில்லு வேண்டும். 65 லிட்டர் தொட்டியில் அது 12 நடை. 150 லிட்டர் தொட்டியில் 5 நடை. அந்த 150 லிட்டரும் மேற்சொன்ன கணக்கில் 60 கிலோவைத் தாண்டாது. எனவே சில்லுக்குக் கொள்ளளவைப் பாருங்கள், ஆழமான தொட்டியாகத் தேடுங்கள். இரட்டைச் சக்கரம் நல்லது. நடைபாதையில் ஒரு பக்கம் சாயாது. வாங்கும் முன் வழியில் உள்ள மிகக் குறுகலான இடத்தை அளந்துவிடுங்கள். தோட்டத்துக் கேட்டில் நுழையாத வண்டியால் பயனில்லை.

சில்லுக்குப் பிளாஸ்டிக் தொட்டியே எங்கள் தேர்வு. ஈரச் சில்லிலிருந்து வடியும் பழுப்பு நீரில் டானினும் அமிலங்களும் இருக்கின்றன. இரும்புத் தொட்டியின் துத்தநாகப் பூச்சை அந்த நீர் மெல்ல அரிக்கும். மண்வெட்டி கீறிய இடத்தில் துரு முதலில் பிடிக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் அந்த ஈரம் காய்வதே இல்லை. பிளாஸ்டிக்கிற்கு எதிரி வெயில். புற ஊதாக் கதிரைத் தாங்கும் பாலிஎத்திலீனா என்று கேட்டு வாங்கி, நிழலில் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் தொட்டி கிழிவது பெரும்பாலும் போல்ட் துளையில்தான். ஒவ்வொரு போல்ட் தலைக்கும் கீழே 30 மி.மீ. அகல வாஷர் ஒன்று போட்டால் அந்தக் கவலை பெருமளவு குறையும்.

இன்னொன்று: மண்வெட்டியால் சில்லை அள்ளாதீர்கள். இழைகள் பின்னிக் கிடப்பதால் தகடு உள்ளே இறங்காது. பத்து முள் கொண்ட கவைக்கோல் இருந்தால் அள்ளும் நேரம் வெகுவாகக் குறையும்.

கேள்வி: கிராஞ்சிப் பக்கம் உள்ள எங்கள் தோட்டத்தில் விழுந்த மரத்தை அறுத்துப் போட்டிருக்கிறார்கள். 40 செ.மீ. விட்டம், அரை மீட்டர் நீளம், முப்பது துண்டுக்குக் குறையாது. தள்ளுவண்டியில் ஏற்றினால் கவிழ்கிறது. 300 கிலோ தாங்கும் என்று எழுதியுள்ள நாலு சக்கர வண்டி வாங்கலாமா?
– வாசகி, சுவா சூ காங்

பதில்: வாங்கும் முன் ஒரு துண்டின் எடையைப் பாருங்கள். பச்சை மரம் 1 கன மீட்டருக்கு 900 கிலோ என்று வைத்துக்கொண்டால், உங்கள் துண்டு ஒன்று சுமார் 56 கிலோ. அதையே 30 செ.மீ. நீளமாக அறுத்தால் 34 கிலோ. முதல் வேலையாக அறுக்க வந்தவரிடமே சொல்லி நீளத்தைக் குறையுங்கள். எந்த வண்டி வாங்கினாலும் அதன் ஆயுள் கூடும், உங்கள் இடுப்பும் தப்பும்.

ஒற்றைச் சக்கர வண்டி ஒரு நெம்புகோல். சக்கர அச்சிலிருந்து கைப்பிடி 140 செ.மீ., கட்டை 50 செ.மீ. தள்ளி இருந்தால், 60 கிலோ கட்டைக்கு உங்கள் கைகள் தூக்குவது 21 கிலோ. கட்டையை முன்னே நகர்த்தி 30 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 13 கிலோதான். கவிழ்வதற்குக் காரணம் கட்டை உருள்வது. அறுத்த முகம் கீழே இருக்கும்படி நிறுத்தி, நாடாப் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். ஏற்றும்போது தூக்கவும் வேண்டாம்: வண்டியை மூக்குக் குத்தி (முன்முனை தரையில், கைப்பிடி மேலே) நிறுத்தி, கட்டையைத் தொட்டிக்குள் உருட்டி, கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் வண்டி தானே நிமிரும். கட்டைக்கு இரும்புத் தொட்டிதான் வேண்டும். உள்ளே 12 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்றை விரித்துவிட்டால் தகடு நசுங்காது.

நாலு சக்கர வண்டியில் எழுதியிருக்கும் 300 கிலோ, சமதளத்தில் சீராகப் பரப்பிய பாரத்துக்கானது. மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் குழியில் இறங்கும்போது பாரத்தின் பெரும்பகுதி ஒரே முனைக்குப் போய்விடும். பாதியை எடுத்துக்கொள்ளுங்கள், 150 கிலோ. முதலில் கெடுவது முன் அச்சு திரும்பும் இடம். அங்கே உள்ள போல்ட் விரல் பருமன் இருக்கிறதா, வெல்டிங் சுற்றிலும் ஓடியிருக்கிறதா அல்லது இரண்டு புள்ளியில் மட்டும் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பக்கவாட்டுக் கம்பி வலை கழற்றக்கூடியதாக இருக்கட்டும். 12க்கு 1 சரிவில், வண்டியோடு சேர்த்து 150 கிலோவை ஏற்ற 12 கிலோவுக்கு மேல் இழுவிசை தேவை. இறங்கும்போது அதே விசை உங்களைத் தள்ளும். இத்தகைய வண்டிகளில் பெரும்பாலும் பிரேக் கிடையாது. இறக்கத்தில் வண்டியை உங்களுக்குக் கீழே விட்டு, மேலிருந்து பிடித்தபடி இறக்குங்கள். சரிவில் குறுக்கே திரும்பினால் இந்த வண்டியும் கவிழும்.

முப்பது துண்டுக்கு இது போதும். ஒரே முறைதான் வேலை என்றால் வாங்காமல் வாடகைக்கு எடுப்பதே மேல்.

கேள்வி: டயர் அடிக்கடி பஞ்சராகிறது. காற்றே தேவைப்படாத சக்கரத்துக்கு மாறலாமா?
– வாசகர், பொங்கோல்

பதில்: சில்லு ஏற்றும் வண்டிக்கு மாறலாம். வெட்டிப்போட்ட காகிதப்பூச் செடியின் முள் எந்த டியூப்பையும் விட்டுவைக்காது. பாலியூரித்தேன் நுரைச் சக்கரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பாரத்தோடு நாள்கணக்கில் நிறுத்தினால் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். கட்டை ஏற்றும் வண்டிக்குக் காற்று டயரே நல்லது. படியில் இடிக்கும் அதிர்ச்சியை டயர் வாங்காவிட்டால் பேரிங்கும் சட்டமும் வாங்கும்.

பெரும்பாலான வண்டிகளில் 4.00-8 அளவு டயர்தான். காற்றழுத்தம் டயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கும், பல டயர்களில் 30 பிஎஸ்ஐ. காற்று குறைந்தால் டயர் ரிம்மின்மேல் நழுவும், டியூப்பும் கூடவே நகர்ந்து வால்வு அடியோடு கிழியும். பலர் இதைப் பஞ்சர் என்று எண்ணிவிடுகிறார்கள். மாற்றுச் சக்கரம் வாங்கும்போது அச்சின் பருமனையும் நடுக்குழலின் நீளத்தையும் அளந்துகொண்டு போங்கள். டயர் அளவு பொருந்தினால் மட்டும் போதாது.

கேள்வி: வண்டி வாங்கி ஒரு வருடம்தான், சக்கரம் கிறீச்சிடுகிறது, கைப்பிடி அருகே துரு. தவறு எங்கே?
– வாசகர், ஈசூன்

பதில்: இரண்டுக்கும் காரணம் தண்ணீர். சக்கரத்தில் வெறும் புஷ் (குண்டுகள் இல்லாத குழல்) இருந்தால் மாதம் ஒருமுறை கிரீஸ் வையுங்கள். பேரிங் என்றால் அதில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள்; 20 மி.மீ. அச்சுக்குப் பெரும்பாலும் 6204, வெளி விட்டம் 47, அகலம் 14 மி.மீ. இரு பக்கமும் ரப்பர் மூடியுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். உயர் அழுத்தத் தண்ணீரை அச்சின் பக்கம் காட்டாதீர்கள். மூடியைத் தாண்டி உள்ளே போய்விடும்.

கைப்பிடி உறைக்குள் இறங்கும் மழைநீர் குழாய்க்குள் தேங்கி உள்ளிருந்தே அரிக்கிறது. வெளியே துரு தெரியும்போது சுவர் பாதி போயிருக்கும். உறையைக் கழற்றி உலர்த்துங்கள். குழாய் தரையை நோக்கி வளையும் தாழ்ந்த இடத்தில் 5 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். புதிதாக வாங்குவோர் சக்கரத் தாங்கி ரிவெட் அடிக்கப்படாமல் போல்ட் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே நைலான் வளையம் கொண்ட நட்டு போட்டு, முதல் வாரப் பயன்பாட்டுக்குப் பின் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள்.

கேள்வி: தொட்டியில் மழைநீர் தேங்குகிறது. துளை போடலாமா?
– வாசகி, செம்பவாங்

பதில்: சில்லும் கட்டையும் மட்டும் ஏற்றுகிறீர்கள் என்றால் தாராளமாகப் போடலாம். மிகத் தாழ்ந்த இடத்தில் 8 மி.மீ. துளை இரண்டு, இரும்பாக இருந்தால் விளிம்பில் துத்தநாகப் பெயிண்ட். அதோடு நிற்காமல் வேலை முடிந்ததும் வண்டியை மூக்குக் குத்திச் சுவரில் சாய்த்து வையுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும். சில்லுத் தூள் துளையை அடைக்க அதைவிடக் குறைந்த நேரமே ஆகும். கழற்றி வைத்த பழைய டயரின் உட்புறத்தையும் மறக்காமல் பாருங்கள்.