கணவருக்கு வேலை போய் ஐந்து மாதம். கேட்டால் எரிந்து விழுகிறார், கேட்காவிட்டால் அக்கறையில்லை என்கிறார். என்ன செய்வது?

உங்கள் கேள்வியின் அந்த இரண்டாவது வரியை மூன்று வருடத்துக்கு முன்னால் நானே எழுதியிருப்பேன். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் கீழக்கரைக்காரி, தனியார் பள்ளி ஒன்றில் டீச்சர். என் கணவர் துபாயில் 14 வருடம் ஒரே நிறுவனத்தில் ஸ்டோர்கீப்பராக இருந்தார். 2022 நவம்பரில் ஒருநாள் போன் பண்ணி, "கம்பெனிய மூடுறாங்க புள்ள" என்றார். மூன்றே வாரத்தில் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் மீதி புரியும். இங்கே கல்யாணத்துக்குப் பிறகு பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீட்டைப் பெண் பேருக்குக் கொடுப்பார்கள். அந்த வீட்டில் மாப்பிள்ளைக்குத் தனி மரியாதை. காலையில் பசியாற வைக்கும்போது முதல் தட்டு அவருக்குத்தான். கடைக்குப் போய்வா என்று ஒரு வேலை சொல்ல மாட்டார்கள். வருடத்தில் ஒன்றரை மாதம் லீவில் வந்து போகிற ஆளுக்கு அது சுகமாக இருக்கும். வேலையில்லாமல் வந்து உட்கார்ந்தவருக்கோ அதே மரியாதை ஒவ்வொரு வேளையும் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கும். சாப்பாட்டில் என் உம்மா எந்தக் குறையும் வைக்கவில்லை. அவரால்தான் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை.

அப்போது நான் ஒரு பொய் சொன்னேன். உம்மாவிடமும் அக்கம்பக்கத்திலும் "லீவுல வந்திருக்காக" என்று சொல்லிவிட்டேன். அவர் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னேன். ஒரு மாதத்துக்குள் வேறு இடம் கிடைத்துவிடும், யாருக்கும் தெரியாமலே முடிந்துவிடும் என்று நம்பினேன்.

லீவில் வந்தவரை எங்கள் ஊரில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பயணம் எப்ப?" முதல் மாதம் அது சாதாரண விசாரிப்பு. மூன்றாவது மாதம் அதே கேள்விக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் கேட்பார்கள் என்பதற்காக அவர் பக்கத்துத் தெருப் பள்ளிவாசலை விட்டுவிட்டுத் தூரத்துப் பள்ளிக்கு நடக்க ஆரம்பித்தார். பிறகு அதுவும் குறைந்தது. நாள் முழுக்க மாடி அறையில் செல்போனும் கையுமாக இருந்தார். நானும் ஸ்கூல் விட்டு வந்ததும் பர்தாவைக் கழற்றுவதற்கு முன்னால், "ஏதாச்சும் வந்துச்சா மச்சான்?" என்று கேட்பேன். அக்கறையில்தான் கேட்டேன். அவர் காதில் அது தினமும் மாலை நாலரை மணிக்கு வருகிற ஒரு தீர்ப்பாக விழுந்திருக்கிறது. அதை அவர் சொல்லி நான் தெரிந்துகொள்ள வெகுநாள் ஆனது.

2023 நோன்பு மார்ச் கடைசியில் தொடங்கியது. பெருநாளைக்கு நாலைந்து நாள் இருக்கும்போது உம்மாவுக்கு, என் லாத்தா (அக்கா) பிள்ளைகளுக்கு, வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்கு என்று எல்லோருக்கும் புதுத்துணி வந்து இறங்கியது. வருடாவருடம் கொடுக்கிற ஜகாத் பணமும் கவரில் போட்டுத் தயாராக இருந்தது. எங்கிருந்து வந்தது என்று தோண்டித் துருவிக் கேட்டேன். சார்ஜாவில் இருக்கிற நண்பரிடம் 60,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தார்.

அன்றைக்கு நாங்கள் பேசியதை முழுதாக எழுத மனசில்லை. "நான் ஒரு டீச்சர் சம்பளத்துல மாசக் கடைசிய இழுத்துப் புடிச்சு ஓட்டுறேன், நீங்க கடன் வாங்கி ஜவுளி எடுக்குறீங்க" என்றேன். அவர் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "லீவுல வந்த மாப்பிள்ளை பெருநாளைக்கு வெறுங்கையோட நிக்க முடியுமா? லீவுன்னு சொன்னது நீதானே?"

செத்தும் கொடுத்தான் என்று பெயரெடுத்த சீதக்காதி அடங்கியிருக்கிற ஊர் இது. கொடுக்க முடியாமல் போவது இங்கே எவ்வளவு பெரிய அவமானம் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் அவரை அந்த வேஷத்துக்குள் நான்தான் தள்ளினேன். வேலை தேடுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத மனிதர் ஊரில் யாரிடம் போய் வேலை கேட்பார்? லீவில் வந்தவர் செலவை எப்படிக் குறைப்பார்? ஐந்து மாதச் சண்டைக்கும் பணத்தட்டுப்பாடு ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் எங்களைப் பிய்த்தது அந்தப் பொய்தான். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள். "வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்", "உடம்புக்கு முடியல, ரெஸ்ட்டில் இருக்கிறார்" என்று ஏதோ ஒன்று. அதை அவரைக் கேட்காமல் நீங்களாகப் போட்டு உடைக்கவும் கூடாது. இரண்டு பேரும் பேசி, யாரிடம், யார் சொல்வது என்று முடிவு பண்ணிவிட்டுச் சொல்லுங்கள்.

நாங்கள் மறுநாள் சஹர் முடிந்ததும் உம்மாவிடம் சொன்னோம். நான் சொன்னேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உம்மா கேட்ட முதல் கேள்வி, "நகையெல்லாம் இருக்கா?" அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. இரண்டு நாள் உம்மா யாரிடமும் சரியாகப் பேசவில்லை. உறவில் ஒருவர், "இத்தனை வருசம் சம்பாதிச்சது எங்க போச்சு?" என்று வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டுப் போனார். இப்படியெல்லாம் நடக்கும். உண்மையைச் சொன்னதும் எல்லோரும் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பெருநாள் கழிந்து நாலாம் நாள், அவர் காதில் விழும்படி உம்மா என்னிடம் சொன்னார்: "மாப்பிள்ளட்ட சொல்லு, நாளைக்கு மீன் வாங்கிட்டு வரட்டும்."

எங்கள் வீட்டில் அதற்கு முன் எந்த மாப்பிள்ளையையும் மீன் வாங்க அனுப்பியதில்லை. எனக்குப் பயமாக இருந்தது, அவமானமாக எடுத்துக்கொள்வாரோ என்று. அவர் சுபுஹு தொழுதுவிட்டு நேராகக் கடற்கரைக்குப் போய்விட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகில் வருகிற மீன்தான் கிடைக்கும், விலை எகிறிக் கிடக்கும். கணவாயும் நகரையும் வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். விலையைக் கேட்டு உம்மா, "கூடக் குடுத்துட்டாக" என்றார். மறுநாள் இன்னும் சீக்கிரம் கிளம்பி வள்ளம் கரை தட்டுகிற இடத்திலேயே போய் நின்றார். பத்து நாளில் ஏலத்தில் எப்போது கேட்பது, எப்போது விடுவது என்று பிடிபட்டுவிட்டது. காலை ஐந்தரை மணிக்கு அவருக்கு ஓர் இடமும் வேலையும் இருந்தது. அந்தப் பத்து நாளில் மாடி அறையில் படுத்திருக்கிற நேரம் தானாகக் குறைந்தது.

தபாலில் சமூகவியல் எம்.ஏ. படிக்கும்போது ஓர் ஆய்வைப் பற்றி வாசித்திருந்தேன். 1930களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற ஊரில் ஆலை மூடி ஏறக்குறைய ஊரே வேலை இழந்தது. மேரி யஹோடாவும் அவர் கூட்டாளிகளும் அங்கே போய், தெருவில் மனிதர்கள் நடக்கிற வேகத்தைக்கூட மறைவாக இருந்து அளந்தார்கள். கைநிறைய நேரம் இருந்த ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்கள் வேகமாக நடந்தார்கள், அவர்களுக்குச் சமையலும் பிள்ளையும் அப்படியேதான் இருந்தது. பரீட்சைக்குப் படித்தபோது அது எனக்கு வெறும் ஐந்து மார்க் விஷயம். பிறகு என் வீட்டு மாடிப்படியில் அவர் ஏறி இறங்குவதைப் பார்த்தபோது நினைவுக்கு வந்தது. சோம்பேறித்தனம் என்று நான் நினைத்து மனதுக்குள் பொருமிக்கொண்டிருந்தது, நாளுக்கு ஒரு பிடிமானம் இல்லாததன் விளைவு. சம்பளத்தோடு சேர்ந்து எழுந்திருக்கும் நேரமும், கூட நிற்கும் ஆட்களும், "இதை இன்னார்தான் செய்வார்" என்ற பெயரும் போய்விடுகின்றன. வீட்டில் அவருக்கு வேலை கொடுங்கள். ஆனால் "சும்மாதானே இருக்கீங்க" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அந்த ஒரு வார்த்தையை நான் ஒருதடவை சொல்லி, திரும்ப எடுக்க முடியாமல் பட்ட பாடு போதும்.

அடுத்தது, கேட்பதா கேட்காமல் இருப்பதா என்ற உங்கள் கேள்வி. வெள்ளிக்கிழமை ஜும்ஆவும் சாப்பாடும் முடிந்தபிறகு ஒரு மணி நேரம் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். பணம், வேலை, கடன் எல்லாம் அந்த நேரத்தில் மட்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு, அதில் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். வாரத்தின் மற்ற நாளில் நான் கேட்பதில்லை, அவரும் எரிந்து விழுவதில்லை. முதல் இரண்டு வாரம் அந்த ஒரு மணி நேரம் நரகம்தான். கடன் 60,000 மட்டுமில்லை, இன்னும் சில்லறையாக இரண்டு இடத்தில் இருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. ஆனால் மற்ற ஆறு நாளும் நாங்கள் பழையபடி பிள்ளைகளைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் பேச ஆரம்பித்தோம்.

பணத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தப்புக்கணக்கும் சண்டையாக மாறும். 14 வருடத்துக்கு 14 மாத முழுச் சம்பளம் பணிக்கொடையாக வரும் என்று நான் மனக்கோட்டை கட்டியிருந்தேன். அமீரகச் சட்டப்படி முதல் 5 வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள், அதற்குமேல் வருடத்துக்கு 30 நாள், அதுவும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான். அலவன்ஸ் சேராது. அவருக்கு 375 நாள் கணக்கு, நான் நினைத்ததில் பாதிகூட வரவில்லை. பாக்கியை எங்கோ ஒளித்துவிட்டார் என்று சந்தேகப்பட்டேன், கடவுள் மன்னிக்கட்டும். இங்கே உள்ளூர் நிறுவனம் என்றால் பணிக்கொடை வருடத்துக்கு 15 நாள் சம்பளம், பொதுவாக 5 வருடம் முடித்திருக்க வேண்டும். துபாயில் இப்போது வேலையில் இருக்கிற உறவுக்காரர்கள் இருந்தால் ஒன்று சொல்லுங்கள்: 2023 ஜனவரியிலிருந்து அங்கே வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம். 12 மாதம் கட்டியிருந்து, தானாக ராஜினாமா செய்யாமல் வேலை போனால், அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம் அதிகபட்சம் 3 மாதம் கிடைக்கும், 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவசரப்பட்டு ஊருக்கு விமானம் ஏறிவிட்டால் அது போய்விடும்.

கையில் வந்த பணத்தில் உடனே கடை போடச் சொல்லி நாலு பேர் வருவார்கள். எங்கள் மாமா ஒருவரும் சொன்னார். வேலை போன முதல் ஆறு மாதத்தில் எடுக்கிற முடிவில் பாதி, ஊர் வாயை மூடுவதற்காக எடுக்கிற முடிவு. நாங்கள் எடுக்கவில்லை. என் நகையில் இரண்டு வளையலை விற்று நண்பர் கடனை அடைத்தோம். அதை வெள்ளிக்கிழமை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார், நான் கேட்காமலே.

இனி எழுதப்போவது கஷ்டமான விஷயம். பிப்ரவரியில் அவருக்குத் தூக்கம் போயிருந்தது. விடியக்காலை மூன்று மணிக்கு மொட்டைமாடியில் உட்கார்ந்திருப்பார். ஒருமுறை, "நான் இல்லாட்டி உங்களுக்கு நல்லதுதான்" என்றார். அதை நான் விரக்தி என்று எடுத்துக்கொண்டு விட்டுவிட்டேன், அது என் தப்பு. எங்கள் பக்கத்தில் மனசு சரியில்லை என்றாலே ஏர்வாடி என்ற பேச்சு வந்துவிடும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில் செத்தார்கள். அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை, அந்தச் செய்தி இன்னும் நெஞ்சில் இருக்கிறது. அந்தப் பயத்திலேயே இங்கே பலர் டாக்டரிடம் போவதில்லை. இன்றைக்கு ஏர்வாடி தர்காவிலேயே துஆவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் தருகிறார்கள். நாங்கள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை, நாலு மாதம். உங்கள் கணவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கே அரசின் மனநல உதவி எண் 14416க்குப் பேசுங்கள், தமிழில் பேசலாம், எந்த நேரத்திலும் எடுப்பார்கள். நீங்களும் உங்களுக்காகப் பேசலாம். அவர் கை நீட்டுகிற அளவுக்குப் போனால் நான் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது, 181 பெண்கள் உதவி எண்ணை அழைத்துவிட்டு முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். வேலை போன வேதனை அதற்குச் சமாதானம் ஆகாது.

அவருக்கு ஆகஸ்டில் ராமநாதபுரத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் சரக்குப் பொறுப்பு கிடைத்தது. கடற்கரையில் மீன் வாங்கும்போது பழக்கமான பழைய பள்ளித்தோழர் சொல்லிவிட்ட இடம். அதே கடையை ஜூனில் சம்பளம் குறைவு என்று மறுத்திருந்தார். அப்போது நான் வாயைத் திறக்கவில்லை, நான் செய்தவற்றில் மிகவும் கஷ்டமானது அதுதான். சம்பளம் மாதம் 18,000. துபாயில் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு. காலை எட்டு மணி பஸ்ஸில் போகிறார், இரவு வந்துவிடுகிறார். பிள்ளைகள் அவரோடு இத்தனை நாள் தொடர்ந்து இருந்ததே இல்லை. சின்னவனுக்கு அவரிடம் கோபித்துக்கொள்ளத் தெரிந்திருக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த வருடம் அவர் பாஸ்போர்ட் முடிகிறது. புதுப்பிப்பது சரி, புதுப்பித்தபின் திரும்பப் போவதா வேண்டாமா என்பதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அவருக்குப் போக ஆசை இருக்கிறது, எனக்கு இல்லை. போன வெள்ளிக்கிழமை பேசி முடியவில்லை, இந்த வெள்ளிக்கிழமைக்கு வைத்திருக்கிறோம்.