திமிங்கலம் மீனா, பாலூட்டியா?

கேள்வி: நீரிலேயே பிறந்து, நீரிலேயே வாழ்ந்து, நீரிலேயே சாகும் திமிங்கலத்தை மீன் என்று எழுதியதற்காக, ஆறாம் வகுப்பில் படிக்கும் என் பேத்திக்கு ஒரு மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், புத்தகத்தில் பாலூட்டி என்றுதான் இருக்கிறது என்கிறார்கள். துடுப்பும் வாலும் இருக்கின்றன, கால் இல்லை. பிறகு மீன் என்றால் என்ன தவறு? இந்தப் பிரிவுகள் எல்லாம் மனிதன் வகுத்தவைதாமே? எந்தப் பிரிவில் வைத்தால்தான் திமிங்கலத்துக்கு என்ன வந்துவிடப் போகிறது?
– ஒரு வாசகர், சத்தியமங்கலம்

பதில்: மதிப்பெண்ணைக் குறைத்தது சரி, அதற்குச் சொன்ன காரணம் சரியில்லை. புத்தகத்தில் இருக்கிறது என்பது ஒரு காரணமே ஆகாது என்பதில் தங்களோடு எனக்கு வேறுபாடு இல்லை. ஆனால் காரணம் சொல்லத் தெரியாதவர் சொன்னார் என்பதற்காக விடையே பிழையாகிவிடும் என்று தாங்கள் எடுத்துக்கொண்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

நீரில் வாழ்வது மீன் என்றால், தங்கள் ஊருக்கு மேற்கே மாயாற்றில் கூட்டமாக நீந்தி மீன் பிடிக்கும் நீர்நாயையும், அமராவதி அணைப் பக்கத்து முதலைப் பண்ணையில் படுத்திருக்கும் முதலையையும் மீன் என்றுதான் சொல்ல வேண்டும். அவற்றுக்குக் கால் இருக்கிறதே என்பீர்கள். அப்படியானால் வாய்க்காலில் நெளியும் தண்ணீர்ப்பாம்பை என்ன செய்வது? அதற்குக் காலும் இல்லை, அது நீரை விட்டு அதிகம் விலகுவதும் இல்லை.

வடிவத்தைக் காட்டும் வாதம் இதைவிடச் சற்று வலுவானது. ஆயினும் கடலில் விரைவாக நீந்த வேண்டிய உயிர் எதுவானாலும் அதன் உடல் இரு முனையும் ஒடுங்கி, நடுவில் பருத்து, வழவழப்பாகத்தான் அமைய முடியும். தண்ணீர் வேறு வடிவத்துக்கு இடம் கொடுப்பதில்லை. சுறா மீன் இனம், டால்பின் பாலூட்டி. டைனோசர்கள் இருந்த காலத்தில் கடலில் திரிந்த இக்தியோசர் என்பது ஊர்வன இனம். குஜராத்தின் கட்ச் பகுதியில் கிடைத்ததாக 2017இல் அறிவிக்கப்பட்ட அதன் எலும்புக்கூட்டைப் பார்ப்பவர்களுக்கு டால்பின் நினைவுதான் வரும். ஒரே சீருடை போட்ட பிள்ளைகள் எல்லாரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஆகிவிடுவதில்லை.

ஆகவே ஓர் உயிர் யாருக்கு உறவு என்று அறிய வேண்டுமானால், தண்ணீர் வற்புறுத்தி வாங்கிக்கொண்ட உறுப்புகளைப் பார்ப்பதில் பயனில்லை. தண்ணீருக்குத் தேவையே இல்லாத, சொல்லப்போனால் தண்ணீரில் பெரும் இடைஞ்சலாக இருக்கிற இயல்புகளைத்தான் பார்க்க வேண்டும். திமிங்கலத்திடம் அவை ஏராளம். ஸ்பெர்ம் திமிங்கலம் இரை தேடி ஒரு கிலோமீட்டருக்கும் கீழே இறங்குகிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் மூச்சை அடக்குகிறது. எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் காற்றுக்காக மேலே வந்தே தீர வேண்டும். செவுள் இருந்திருந்தால் இந்தப் பாடு எதற்கு? 2016 ஜனவரியில் திருச்செந்தூரை அடுத்த கடற்கரையில் ஏறத்தாழ 80 பைலட் திமிங்கலங்கள் கரை ஒதுங்கின. மீனவர்களும் வனத்துறையினரும் கடலுக்குள் இழுத்து விட்டவற்றில் சில திரும்பவும் கரைக்கே வந்தன; பாதிக்கும் மேல் இறந்தன. கரையில் விழுந்த மீன் மூச்சு முட்டிச் சாகும். திமிங்கலமோ கரையிலும் மூச்சு விட்டுக்கொண்டுதான் கிடக்கிறது. நீர் தாங்காத நிலையில் தன் எடையே தன்னை அழுத்தவும், தடித்த கொழுப்புப் போர்வைக்குள் உடல் வெப்பம் ஏறவும்தான் அது மடிகிறது.

அடுத்தது பால். கடலுக்குள் பால் கொடுப்பது எவ்வளவு சிக்கலான காரியம் என்பதைக் கறவை வைத்திருப்பவர்கள் எண்ணிப் பார்க்கலாம். மடி வெளியே தொங்கினால் நீந்துவதற்குத் தடையாகும் என்பதால், திமிங்கலத்தின் காம்புகள் வயிற்றுப்புறத்தில் இரண்டு பிளவுகளுக்குள் மறைந்திருக்கின்றன. உதடு குவித்து உறிஞ்சுவதற்குக் குட்டியின் வாய் ஏற்றதல்ல. அது வாயை வைத்ததும் தாயே தசையை இறுக்கிப் பாலைப் பீய்ச்சுகிறது. சொசைட்டியில் பசும்பாலுக்கு நான்கும் எருமைப்பாலுக்கு ஏழும் என்று கொழுப்புக் கணக்குப் பார்ப்பவர்கள் நாம். நீலத் திமிங்கலத்தின் பாலில் கொழுப்பு 35 விழுக்காட்டுக்குக் குறைவதில்லை. ஊத்துக்குளியில் வெண்ணெய் எடுப்பவர்களுக்கு இந்தப் பால் கிடைத்தால் கடையும் வேலை பாதியாகிவிடும். அதைக் குடித்துத்தான் நீலத் திமிங்கலக் கன்று நாளொன்றுக்குச் சுமார் 90 கிலோ எடை கூடுகிறது.

வாலையும் தாங்கள் மீனுக்குச் சாட்சியாக அழைத்திருக்கிறீர்கள். அந்தச் சாட்சி தங்களுக்கு எதிராகவே பேசுகிறது. மீனின் வால் செங்குத்தாக நின்று இடமும் வலமுமாக அசையும்; திமிங்கலத்தின் வால் படுக்கையாக இருந்து மேலும் கீழுமாக அடிக்கும். நாலுகால் பாய்ச்சலில் ஓடும் நாயின் முதுகைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், அது வளைவதும் நிமிர்வதும் இதே மேல்கீழ் அசைவாக இருப்பது தெரியும். நிலத்தில் ஓடிய முதுகெலும்பைத்தான் திமிங்கலம் கடலுக்குள் கொண்டு போயிருக்கிறது. துடுப்பு என்று தாங்கள் சொல்வதன் உள்ளே மேல்கை எலும்பு ஒன்றும், முழங்கை எலும்பு இரண்டும், மணிக்கட்டும், விரல் எலும்புகளும் நம் கையில் உள்ள வரிசையிலேயே இருக்கின்றன. பின்னங்கால் இல்லை; ஆனால் அதைத் தாங்கிய இடுப்பெலும்பின் மிச்சம் முதுகெலும்போடு ஒட்டாமல் தசைக்குள் தனியாகக் கிடக்கிறது.

அந்தக் காலின் கதை நம் நாட்டிலேயே கிடைத்திருக்கிறது. ஜம்மு-காஷ்மீரின் காலாகோட் பகுதியில் ரங்கா ராவ் என்ற இந்தியப் புவியியலாளர் திரட்டிய பாறைகள், அவர் மறைவுக்குப் பின் ஹான்ஸ் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் வந்து சேர்ந்தன. அவற்றிலிருந்த ஒரு மண்டையோட்டைச் சுத்தம் செய்யும்போது காதுப் பகுதி கைதவறி உடைந்தது. உள்ளே, திமிங்கலங்களுக்கே உரிய தடித்த காதெலும்பு இருந்தது. 2007இல் வெளியான அந்த ஆய்வின்படி, இந்தோஹையஸ் என்னும் அந்த உயிர் ஏறத்தாழ 4 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. பூனையளவு உடலும் குளம்புள்ள நான்கு கால்களும் கொண்டது. ஆடு, மாடு, பன்றி, நீர்யானை ஆகிய பிளவுபட்ட குளம்பினங்கள் அடங்கிய பெருங்குடும்பத்துக்குள்தான் இன்று திமிங்கலமும் வைக்கப்படுகிறது. அதிலும் நீர்யானைதான் அதற்கு மிக நெருங்கிய சொந்தம். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால் காங்கேயம் காளைகளும் குதிரைகளும் ஒரே இடத்தில் விற்பனைக்கு நிற்பதைப் பார்க்கலாம். அந்தக் காளைக்கு அங்கே நிற்கும் குதிரையைவிடக் கடலில் இருக்கும் திமிங்கலமே நெருங்கிய உறவு. குதிரையின் ஒற்றைக் குளம்பு வேறு வம்சத்துக்கு உரியது.

பிரிவுகள் மனிதன் வகுத்தவைதாமே என்கிறீர்கள். வேலியை மனிதன் போடுகிறான். பெற்றவர் யார் என்பதை அவன் தீர்மானிப்பதில்லை. உயிர்களைப் பெயரிட்டு வகைப்படுத்திய லின்னேயஸே 1735இல் திமிங்கலத்தை மீன்களோடுதான் வைத்திருந்தார்; இதயத்தையும் நுரையீரலையும் பாலையும் கணக்கில் கொண்டு 1758இல் பாலூட்டிகளுக்கு மாற்றினார். அதற்குப் பின்னும் தங்கள் கட்சிக்கு ஒரு நீதிமன்றத் தீர்ப்பு கிடைத்திருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. மீன் எண்ணெய்ப் பீப்பாய்களை ஆய்வாளர் சோதிப்பதற்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று நியூயார்க் மாநிலத்தில் சட்டம் வந்தபோது, தாம் வாங்கியது திமிங்கல எண்ணெய், மீன் எண்ணெய் அல்ல என்று சாமுவேல் ஜட் என்ற வணிகர் மறுத்தார். 1818 டிசம்பரில் வழக்கு நடந்தது. இயற்கை அறிஞர் சாமுவேல் மிட்சில் கூண்டேறித் திமிங்கலம் மீன் அல்ல என்று விளக்கினார். ஜூரிகள் கால் மணி நேரத்தில் அது மீன்தான் என்று முடிவு சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய கவலை கட்டணத்தைப் பற்றியது, வம்சத்தைப் பற்றியதல்ல; அடுத்த ஆண்டே சட்டமன்றம் திமிங்கல எண்ணெயை அந்தச் சட்டத்திலிருந்து விலக்கிவிட்டது. சட்டம் தன் வசதிக்காக என்ன வேண்டுமானாலும் சொல்லும்: 2022இல் கலிபோர்னியாவில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், அழியும் நிலையில் உள்ள உயிர்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் வாசகப்படி ஒருவகை வண்டுத்தேனீயும் 'மீன்' என்பதில் அடங்கும் என்றது.

தங்களுக்காக ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். உண்மையில் ஆட்டம் காணும் பிரிவு பாலூட்டி அல்ல, மீன்தான். நுரையீரல் மீன் என்று ஒன்று உண்டு. வம்சாவளிப்படி அது பவானிசாகர் அணையில் பிடிக்கும் கட்லாவைவிட நமக்கே நெருக்கமானது. அதையும் கட்லாவையும் ஒரே குடும்பம் என்று வேலி போட்டால், தவளை, கோழி, மாடு, தாங்கள், நான் எல்லாரும் அந்த வேலிக்குள் வந்துவிடுவோம். தங்கள் பேத்தி, "திமிங்கலம் மீன், அந்தக் கணக்கில் டீச்சரும் மீன்" என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கொடுக்கச் சொல்லி நானே எழுதியிருப்பேன்.

கடைசியாக, திமிங்கலத்துக்கு என்ன வந்துவிடும் என்ற கேள்வி. வர வேண்டியதெல்லாம் வந்துவிட்டது. ஒரு கட்லா லட்சக்கணக்கில் முட்டையிடும். நீலத் திமிங்கலம் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு கன்று ஈனும். ஆனால் கடலிலிருந்து கிடைப்பதெல்லாம் அள்ள அள்ளக் குறையாத மீன்வளம் என்ற எண்ணத்தில்தான் அதை வேட்டையாடினார்கள். 1946இல் திமிங்கில வேட்டைக்கான பன்னாட்டு ஒப்பந்தம் வந்தபோதுகூட, அன்டார்டிகா கடலில் பிடிக்கும் அளவை இனம் பிரித்துக் கணக்கிடவில்லை. எவ்வளவு எண்ணெய் தேறும் என்று பார்த்து, ஒரு நீலத் திமிங்கலத்துக்கு இரண்டு ஃபின் திமிங்கலம் அல்லது இரண்டரைக் கூன்முதுகுத் திமிங்கலம் சமம் என்று ஓர் அலகு வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு 16,000 அலகு என்று அனுமதித்தார்கள். அலகு நிறைந்தால் சரி, நிறைவது எந்த இனத்தால் என்பது யாருக்கும் பொருட்டாக இருக்கவில்லை. அந்த அலகை 1972இல்தான் கைவிட்டார்கள். அதற்குள் அந்தக் கடலில் இரண்டு லட்சத்துக்கும் மேல் இருந்த நீலத் திமிங்கலங்கள் சில நூறாகக் குறைந்திருந்தன. வணிக வேட்டைக்கு 1986இல் தடை வந்த பிறகும், பழைய எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட அவை இன்னும் வரவில்லை.