துன்பமும் வேண்டாம், அதன் பலனும் வேண்டாம்

யூதப் பார்வையில் மனிதத் துன்பம் தவிர்க்க முடியாததா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பங்கு தவிர்க்க முடியாதது, பெரும்பங்கு அப்படியல்ல. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வைத்தியராக இருந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் துன்பத்தை மூன்றாகப் பிரித்தார். உடம்பெடுத்ததால் வருவது, மனிதருக்கு மனிதர் இழைப்பது, கண்டபடி தின்று குடித்து ஆசைப்பட்டுத் தனக்குத் தானே தேடிக்கொள்வது. முதல் வகை மிகக் குறைவு, மூன்றாவதே மிக அதிகம் என்பது அவர் கணக்கு.

ஆனால் வந்துவிட்ட துன்பத்தை என்ன செய்வது? யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களும் கதைகளும் அடங்கிய பழைய தொகுப்பான தால்முத்தின் பெராகோத் பகுதி, ஐந்தாம் ஏட்டின் முன்பக்கத்தில், துன்பம் வந்தால் உன் செயல்களைச் சோதித்துப் பார் என்கிறது. குற்றம் எதுவும் தென்படாவிட்டால் அது கடவுள் அன்பினால் தரும் துன்பமாக இருக்கலாம் என்றும் சொல்கிறது. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஏட்டைத் திருப்ப வேண்டும்.

மறுபக்கத்தில் ரபி (யூத மத குரு) கியா பார் அப்பா நோயில் கிடக்கிறார். பார்க்க வந்த ரபி யோகனான், "இந்தத் துன்பம் உமக்குப் பிரியமானதா?" என்கிறார். "அதுவும் வேண்டாம், அதன் பலனும் வேண்டாம்." "கையைக் கொடும்." கியா கை கொடுத்தார், யோகனான் எழுப்பிவிட்டார். பிறகு யோகனானே படுக்கையில் விழ, ரபி கனினா வந்து அதே கேள்வி கேட்டு, அதே பதில் பெற்று, அதேபோல் தூக்கிவிடுகிறார். பிறரை எழுப்பியவரால் ஏன் தானே எழ முடியவில்லை? தால்முத்தின் பதில்: "சிறைப்பட்டவன் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ள முடியாது." இத்தனைக்கும் யோகனான் பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர், பத்தாவது பிள்ளையின் எலும்பைக் கையோடு வைத்திருந்தவர். யூத மரபின் இதயம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பேன்.

பெரும்பாலும் தவறு நடப்பது காரணம் சொல்லப் போகும்போது. "குற்றமற்றவன் எவனாவது அழிந்ததுண்டா?" என்று, வேதத்தில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவிடம் அவன் நண்பன் கேட்டதைப் போல, நோயாளியிடமோ பிள்ளையை இழந்தவரிடமோ பேசக்கூடாது, சொல்லால் இழைக்கும் தீங்கு என்று தால்முத் அதைத் தடுக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் பிரசங்கித்த ரபி கலோனிமுஸ் ஷபீரா, இத்தகைய துன்பங்களை நம் மக்கள் முன்பும் கண்டவர்களே என்று ஒருமுறை எழுதினார். 1942இன் கடைசியில் அதன் அருகே ஒரு குறிப்பு சேர்த்தார்: அது அந்த ஆண்டில் ஒரு கட்டம் வரைக்கும்தான் பொருந்தும், அதற்குப் பின் நடந்ததற்கு முன்னுதாரணம் இல்லை.

துக்க வீட்டுக்கான விதிகளும் இதே புரிதலில் வந்தவை. அடக்கத்துக்குப் பின் ஏழு நாள் வீட்டில் துக்கம் காப்பது ஷிவா. அந்தச் சொல்லுக்கே ஏழு என்றுதான் பொருள். முதல் வேளைச் சாப்பாட்டை அக்கம்பக்கத்தார் கொண்டுவர வேண்டும், துக்கப்படுபவர் தன் சொந்த உணவை உண்ணக்கூடாது. வழக்கமாக முட்டையும் மசூர்ப் பருப்பும். மற்றப் பயறுகளில் உள்ள பிளவு மசூரில் இல்லை. துக்கப்படுபவருக்கும் வாயில்லை என்று விளக்குவார்கள். அவர் பேச்சைத் தொடங்கும்வரை வந்தவர் வாய் திறக்கக்கூடாது. துக்கத்தின் அடையாளமாகக் கிழித்த சட்டையை, தாய் தகப்பன் அல்லாத உறவினருக்காக என்றால் 30 நாளுக்குப் பின் ஒழுங்காகத் தைக்கலாம். தாய் தகப்பனுக்காகக் கிழித்ததை என்றைக்கும் அப்படித் தைப்பதில்லை.

நோயாளியைப் பார்க்கவும் நேரம் சொல்லியிருக்கிறது: பகலின் முதல் மூன்று மணி நேரமும் கடைசி மூன்று மணி நேரமும் கூடாது. காலையில் அவர் தெளிவாகத் தெரிவார், வந்தவர் வேண்டிக்கொள்ளாமல் போய்விடுவார். மாலையில் தளர்ந்திருப்பார், இனி வேண்டி என்ன பயன் என்று வந்தவர் மனம் விட்டுவிடுவார்.